சம்பளம் கேட்க ஒத்திகை

அம்மா நாற்காலியில் கால்மேல் கால் போட்டு முதலாளியாக உட்கார்ந்திருக்கிறாள். கையில் பேனாவுக்குப் பதில் கரண்டி. ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கும் அப்பா, தேய்த்த சட்டையோடு எதிரே நிற்கிறார். அங்கே எல்லோருக்கும் சம்பள உயர்வைக் கணக்குப் போட்டுக் கொடுப்பது அவர்தான். அவருடைய சம்பளம் மட்டும் ஆறு வருஷமாக அசையவில்லை. அடுத்த மாதம் வாடகை ஏறுகிறது, இன்று கேட்டே ஆக வேண்டும். காலை வெயில் அவர் காலரின் நைந்த விளிம்பில் விழுகிறது. "என்னய்யா விஷயம்?" அம்மா குரலைத் தடிப்பாக்கிக் கேட்கிறாள். எனக்குச் சிரிப்பு வருகிறது. அப்பா செருமுகிறார். "சம்பளம் கொஞ்சம் கூட்டிக் குடுத்தா நல்லாருக்கும் சார்." "எவ்வளவு?" "உங்க இஷ்டம் சார்." "அப்படிச் சொல்லாதீங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். சரி, கால் பங்கு கூட்டியாச்சு. போதுமா?" அப்பாவின் விரல்கள் தாமாகவே தொடையில் கணக்குப் போடுகின்றன. "கம்பெனி அவ்வளவு தாங்காது சார். இந்த வருஷம் பேங்க் வட்டியே கழுத்தைப் பிடிக்குது. எனக்கு அப்புறம் பாத்துக்கலாம்." கரண்டி அம்மாவின் மடியில் இறங்குகிறது. "நீங்க யாரு பக்கம்ங்க?" என்று தன் சொந்தக் குரலில் கேட்கிறாள். அப்பா காலரை இழுத்துவிட்டுக்கொள்கிறார். "வெளிய போய்க் கதவைத் தட்டிட்டு வாங்க. மறுபடி முதல்ல இருந்து." அவர் வெளியே போய்க் கதவைச் சாத்துகிறார். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து மீண்டும் முதலாளியாகிறாள். இருவரும் கதவையே பார்த்துக் காத்திருக்கிறோம். செருப்புச் சத்தம் மெதுவாகப் படியிறங்கிப் போகிறது. அவருடைய சாப்பாட்டு டப்பா மேசைமேலேயே இருக்கிறது.