வயதுப் பட்டியல்

கேன்டீன் மேசைமேல் காலை வெயில் சதுரமாக விழுந்து கிடக்கிறது. எழுபது பேரை ஒரே மூச்சில் வீட்டுக்கு அனுப்பும் கடிதத்தை, அந்த எழுபதில் ஒருவரான தரக்கட்டுப்பாட்டு ஆய்வாளர் அந்த வெயிலில் வைத்துப் படிக்கிறார். சுவருக்கு அப்பால் மெஷின்கள் எப்போதும்போல ஓடுகின்றன. இத்தனை பேர் இல்லாமல் யார் ஓட்டுகிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. இணைப்பில் பெயர்கள் இல்லை, போகிறவர்கள், இருக்கப்போகிறவர்கள் எல்லோருடைய வேலையும் வயதும்தான் இருக்கின்றன. போகிறவர்களுக்கு ஐம்பத்தெட்டு, அறுபத்தொன்று, ஐம்பத்தேழு. இருக்கப்போகிறவர்களில் ஒருவர்கூட நாற்பதைத் தாண்டவில்லை. "வயசானவங்கள மட்டும் அனுப்புறாங்கன்னு இத வச்சே கேஸ் போடலாமாம்ண்ணே. ஆனா அவங்க குடுக்குற பணத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டா அந்த உரிமை போயிடுமாம். யோசிக்க நாப்பத்தஞ்சு நாள் இருக்கு," என்கிறாள் எதிரே இருக்கும் பேக்கிங் பிரிவுப் பெண். "அப்புறம் ஏம்மா கம்பெனி பேட்ஜ மட்டும் இன்னைக்குப் பதினோரு மணிக்குள்ள கேக்குறாங்க?" அவர் பேனாவைத் திறந்து மறுபடி முதலிலிருந்து படிக்கிறார். முப்பது வருடமாக ரிப்போர்ட் பார்த்த கை, வரிக்கு வரி டிக் போட்டுக்கொண்டே இறங்குகிறது. "அண்ணே, என்ன பண்ணிட்டீங்க?" அவர் குனிந்து பார்க்கிறார். கடைசிப் பக்கத்தின் அடியில், மை காயாமல், அவருடைய கையெழுத்து இருக்கிறது. அதன் பக்கத்தில் அவர் கைப்பட எழுதியிருக்கிறார்: 'சரிபார்த்தேன். குறை எதுவும் இல்லை.'