தேசம்மாவின் படகு

கொசஸ்தலை ஆற்றில் யாரோ கைவிட்டுப்போன படகிலிருந்து எண்ணெய் கசிந்து, இறால் கிடக்கும் சேற்றுப் பக்கம் பரவியது. துப்புரவு இயந்திரமோ கரையிலேயே நின்றது.

"படகு யாருடையது? உரிமையாளர் பொறுப்பேற்றால்தான் இறங்குவேன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னது.

கையால் தடவி இறால் பிடிக்கும் தேசம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "என்னுதுதான். இறங்கு!" என்றாள்.

"வாணாங்க்கா!" என்று தங்கை பவளம் தடுத்தாள்.

"ஆறு செத்துப்போச்சுன்னா நாம எங்கடி போறது?"

மாலைக்குள் தண்ணீர் தெளிந்தது. மறுநாள் எல்லாரும் இறால் பிடிக்க இறங்கினார்கள். தேசம்மா கால் வைத்ததும், முகம் பார்த்து ஆளை அறியும் கரையோரக் காவல் கம்பம் அலறியது. "ஆற்றைக் கெடுத்தவர் இனி ஆயுளுக்கும் இதில் இறங்கக் கூடாது!"

இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற பவளம், அக்காவை நிமிர்ந்து பார்க்காமல் சேற்றைத் தடவத் தொடங்கினாள்.