சேவல் அழுத ஈஸ்டர்

ஆலயத்தில் மணியடிக்கும் கோயில்குட்டியார் தேவசித்தம் கடிகாரத்தை நம்பமாட்டார். ஆலய வளவுச் சேவல் கூவினால்தான் எழுந்து மணியடிப்பார். அந்தப் பெருமையில் சேவலுக்குத் தலைகால் புரியவில்லை.

"எங்கள் முப்பாட்டன் கூவித்தான், ஆண்டவரைத் தெரியாதென்று மறுதலித்த பேதுருவே அழுதான்" என்று வளவில் நின்ற கழுதையிடம் தினமும் பீற்றிக்கொள்ளும். "இந்த ஊர்ப் பாவிகளையும் நான்தான் எழுப்பவேண்டியிருக்கிறது."

ஈஸ்டர் அன்று சேவல் தூங்கிவிட்டது. முதுகில் வெயில் சுட்டபோதுதான் விழித்தது. போதகரே மணியடித்துக்கொண்டிருந்தார். விடியுமுன் தொடங்கவேண்டிய ஆராதனைக்குச் சனங்கள் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே ஓடினார்கள்.

சேவல் கழுதையின் கால்களுக்கிடையில் ஒளிந்து தேம்பியது. "ஆண்டவரே, உம்முடைய நாளிலேயே தூங்கிப்போனேனே! இனி எந்த முகத்தோடு கூவுவேன்?"

கழுதை குனிந்து பார்த்தது. "நிஜமாகவே அழுகிறாயா?"

"ஆமாம் அண்ணே."

"அடடே! இத்தனை நாளும் சேவல் பக்கம் நின்றாய். இன்றைக்குத்தான் பேதுரு பக்கம் வந்திருக்கிறாய்."

ஆலயத்துக்குள் உயிர்ப்புப் பாட்டு எழுந்தது. சேவலால் அடக்க முடியவில்லை. உடைந்த குரலில், கண்ணீரோடு கூவியது.

"இப்போது யாரை எழுப்புகிறாய்?" என்றது கழுதை.

"யாரையும் இல்லை அண்ணே. சந்தோஷம் தாங்கவில்லை."

உள்ளே பாடிக்கொண்டிருந்த தேவசித்தம், பழக்கதோஷத்தில் துள்ளியெழுந்து ஓடிவந்து மறுபடியும் மணியடித்தார்.