நாலு விரற்கடை
புகைபோக்கிகள் இரண்டையும் மடக்கிச் சாய்த்தாகிவிட்டது. ஆனாலும் சுக்கான் அறையின் கூரை புது ரயில் பாலத்தின் அடிப்பாகத்தைவிட நாலு விரற்கடை உயரமாகவே நிற்கிறது. கனாவா ஆற்றில் வெள்ளம். பின்புறத் துடுப்புச் சக்கரம் மெல்லச் சுழன்று நீராவிப் படகை எதிர்நீரில் அசையாமல் பிடித்து வைத்திருக்கிறது. தாத்தாவின் படகிலும் அப்பாவின் படகிலும் தொங்கிய வெண்கல மணி இப்போது இந்தப் படகில் தொங்குகிறது. அதன் கயிறு கேப்டன் டெல்ஃபின் ஹார்கிஸின் கைக்கருகே ஆடுகிறது. தளத்தில் அடுக்கிய மாவு மூட்டைகள் இன்று சார்ல்ஸ்டன் போய்ச் சேராவிட்டால், இனி எல்லாச் சரக்கும் ரயிலுக்குத்தான். “திரும்பிப் போம்மா! உங்க குடும்பத்துப் பொழப்பு இதோட சரி!” என்று பாலத்துக் காவலாளி மேலிருந்து சிரிக்கிறான். இயந்திர அறையிலிருந்து பேச்சுக்குழாயில் தம்பி ராயலின் குரல் கரகரக்கிறது. “கூரையை அறுத்துரட்டுமா அக்கா?” “இந்தப் படகுக்குன்னு அப்பா தன் கையால போட்ட கூரைடா. கைய வச்சே, தொலைச்சுடுவேன். தீயணைக்கிற பம்பை அடியறைக்குள்ள திருப்பி விடு.” “படகு முழுகிரும்!” “நாலு விரல் முழுகட்டும், போதும்.” பம்பு உறுமுகிறது. அடியறையில் நீர் ஏற ஏற, கனம் தாங்காமல் படகு அங்குலம் அங்குலமாகத் தாழ்கிறது. காவலாளியின் சிரிப்பு நிற்கிறது. மணியை விடாமல் அடித்துக்கொண்டே அவள் பாலத்துக்கு அடியில் நுழைகிறாள். அந்தப் பக்கம் போனதும் அதே பம்பால் தண்ணீரை வெளியே இறைத்துவிட்டால் படகு பழையபடி எழுந்துவிடும்.