கடைசியாக வந்தவருக்குச் சிறப்புப் பரிசு

விசா இல்லாத மாணவர்களின் படிப்புச் செலவுக்காக ஜேர்மனியின் டோர்ட்மண்ட் தமிழ்ச் சங்கம் ஓட்டப்போட்டி வைத்தது. தலைவர் இராசலிங்கம் மட்டும் ஓடவில்லை. கழுத்து நிறைய மாலையோடு எப்படி ஓடுவது?

சுபானியின் கால்கள் ஓடிப் பழகியவை. தாமாகவே முன்னால் போயின.

"மெதுவா ஓடடி!" கூட ஓடிய தோழி குமுதினி பதறினாள். "முதலாவதா வந்தால் மேடையிலை ஏத்துவினம். பேப்பரிலை படம் வரும்."

சுபானி சட்டென்று வேகத்தைக் குறைத்தாள். நடக்கத் தொடங்கினாள். தொந்தி குலுங்க ஓடிய சங்கத்து அண்ணைமார்கூட அவளை முந்தினார்கள்.

"என்ன பிள்ளை, களைச்சுப்போனியே?"

"ஓம் அண்ணை, ஏலாமல் கிடக்கு."

கடைசி ஆளாக வந்து நிம்மதியாக மூச்சு விட்டாள். அப்போதுதான் மைக் அலறியது.

"மனம் தளராமல் கடைசியா வந்த பிள்ளைக்குச் சிறப்புப் பரிசு!"

இரண்டு அண்ணைமார் அவளை மேடைக்கே தள்ளிக்கொண்டு போனார்கள்.

"என்ரை ட்ராவல்ஸ் அன்பளிப்பு, கொழும்புக்கு ஒருவழி டிக்கெட்!" என்றார் தலைவர். "வழங்குபவர், எங்கடை சிறப்பு விருந்தினர், விசா அலுவல் பார்க்கிற வெளிநாட்டவர் அலுவலக அதிகாரி!"

அதிகாரி சிரித்தபடி பெயரைக் கேட்டார். சுபானி கைகளால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"பிள்ளை வெட்கப்படுது," என்ற தலைவர், உதவித்தொகைப் பட்டியலை எடுத்து, விசா இல்லாதவர்களில் முதலாவதாக இருந்த அவள் பெயரை முகவரியோடு மைக்கில் வாசித்தார்.

விருந்தினருக்கும் விளங்கட்டும் என்று, ஜேர்மன் மொழியிலேயே.