பேனாவால் எழுதிய காயம்

பகடை நான்கில் விழுந்து கிடந்தது.

மறைப்பாக நிறுத்திய காலண்டர் அட்டைக்குப் பின்னால் அது லக்ஷ்மணன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அட்டைக்கு அந்தப் பக்கம் ரத்தினவேல், அனுபமா, ஹாலித் மூவரும் காத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியமானால் ஸ்ரீரங்கத்தில் லக்ஷ்மணன் வீட்டு மாடியில் கூடி ஆடுகிற கதை ஆட்டம் இது. ஆளுக்கொரு பாத்திரம், அதற்கொரு தாள். கதையை நடத்துகிறவன் லக்ஷ்மணன். அடி விழுமா தப்புமா என்பதைப் பகடை சொல்லும்.

ரத்தினவேலின் பாத்திரம் கொற்றன் என்கிற வாள்வீரன். பாலத்தைக் காவல் காக்கிற பூதம் அவனை இப்போதுதான் வெட்டிச் சாய்த்திருந்தது. உயிர் போகவில்லை. என்ன காயம் என்றுதான் பார்க்க வேண்டும்.

கடையில் வாங்கிய விதிப் புத்தகத்தில் காயம் ஒரு பெரிய விஷயமே இல்லை. எத்தனை வெட்டு வாங்கினாலும் ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்.

ரத்தினவேலுக்கு இது பொறுக்கவில்லை. இரண்டு வருஷம் முன்னால், "என்னடா கூத்து இது, அடிபட்டா வலிக்க வேணாமா?" என்று கேட்டு, உட்கார்ந்த இடத்தில் அவனே ஒரு பட்டியல் எழுதினான். ஆறு எண், ஆறு காயம். இந்தக் காயங்களைப் பென்சிலால் எழுதக் கூடாது, பேனாவால்தான் எழுத வேண்டும், அழிக்கவே கூடாது என்று சட்டமும் போட்டான். பக்கத்தில் 'யாரால்' என்று ஒரு கட்டம் வேறு. அடித்தது யார் என்று எழுதாமல் அது என்ன காயம் என்பது அவன் கட்சி.

ஒன்று, தழும்பு. இரண்டு, காது. மூன்று, நொண்டல். நான்கு, வாள் பிடிக்கும் கை.

அந்தப் பட்டியல் குண்டு குண்டான எழுத்தில் அட்டையின் உள்பக்கம் ஒட்டியிருந்தது. ரத்தினவேலின் வலது கை எழுத்து.

அந்தக் கை இப்போது இல்லை. ஏழு மாதம் முன்னால், துவாக்குடிப் பக்கம் அவனும் லக்ஷ்மணனும் ஒன்றாக வேலை பார்த்த பட்டறையில், தகடு வெட்டும் பிரஸ் மெஷின் அதை மணிக்கட்டோடு வாங்கிக்கொண்டது.

அதற்குப் பிறகு அவன் இந்த மாடிப்படி ஏறுவது இன்றுதான் முதல் தடவை. பைக்கை விற்றுவிட்டான். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்திருந்தான். சட்டையின் வலது கை நுனியைப் பாக்கெட்டில் செருகியிருந்தான். அதைப் பார்க்காத மாதிரி இருப்பதற்காக அனுபமா வழக்கத்தைவிட அதிகம் பேசினாள். ஹாலித் நான்கு பேருக்குப் பன்னிரண்டு சமோசா வாங்கி வந்திருந்தான்.

இன்று மனசு நொந்து இறங்கினால் இவன் திரும்பி வரவே மாட்டான். லக்ஷ்மணனுக்கு அது நன்றாகத் தெரியும்.

"ஒன்னு," என்றான். "வெறும் தழும்புதான்டா. தப்பிச்சே."

அனுபமா மூச்சு விட்டாள்.

ரத்தினவேல் சிரிக்கவில்லை. இடது கையை நீட்டி அட்டையை மெல்லச் சாய்த்தான். பகடையைப் பார்த்தான். தன் எழுத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தான்.

ஆடிக் காற்று மாடிக் கதவைத் தள்ளித் தள்ளிப் பார்த்தது.

நல்லதுக்குத்தானே சொன்னேன் என்று லக்ஷ்மணன் வாயெடுத்தான். வெட்கமாக இருந்தது.

ரத்தினவேல் தன் தாளை அவன் பக்கம் தள்ளினான். பேனாவை எடுத்து அதன் மேல் வைத்தான்.

"இடது கையில எனக்கு இன்னும் எழுத வரல. நீயே எழுது."

லக்ஷ்மணன் எழுதினான். 'வலது கை. மணிக்கட்டு வரை.' எழுத்து கோணல்மாணலாக விழுந்தது. அடுத்த கட்டத்தில் 'பூதம்' என்று எழுதப் போனான்.

ரத்தினவேல் பேனாவின் மேல் ஒரு விரலை வைத்தான். அழுத்தவில்லை, சும்மா வைத்தான்.

ஆஸ்பத்திரியில் பட்டறைக்காரர்கள் நீட்டிய தாளிலும் இப்படி ஒரு கட்டம் இருந்தது. காரணம் என்று போட்டிருந்தது. ஒருத்தன் வேலையாவது மிஞ்சட்டும் என்று, 'என்னுடைய கவனக்குறைவு' என எழுதச் சொல்லி, இடது கைப் பெருவிரல் ரேகையை உருட்டிக் கொடுத்தான் ரத்தினவேல். கட்டிலை ஒட்டி நின்ற லக்ஷ்மணன் வாயைத் திறக்கவில்லை. ஏழு மாதமாகத் திறக்கவில்லை.

கை போன அன்றைக்கும் இதே பாலம், இதே பூதம்தான். வருகிற ஞாயிறு என்ன நடக்கப்போகிறது தெரியுமா என்று மெஷின் முன்னால் நின்று லக்ஷ்மணன் ஆசை ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ரத்தினவேல் தகட்டைச் சரிசெய்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். கை இன்னும் உள்ளே இருந்ததைக் கதை சொன்னவன் கவனிக்கவில்லை. காலடியில் இருந்த பெடலை மிதித்துவிட்டான்.

விரல் பேனாவை விட்டு விலகியது.

'யாரால்' என்ற கட்டத்தில் லக்ஷ்மணன் தன் பெயரை எழுதினான்.

ரத்தினவேல் அதை வாசித்தான். பிறகு தாளை எடுத்து, அனுபமாவும் ஹாலித்தும் பார்க்கும்படி மேசை நடுவில் வைத்தான்.

"மை காயட்டும்," என்றான்.