பழைய கார்டின் பெயர்

"இது செத்துப்போச்சு. புதுசு வாங்கிட்டு வந்துருதேன், கடையப் பூட்டிராத" என்று சொல்லி, எங்கள் பிரவுசிங் சென்டர் கணினியிலிருந்து கழற்றிய நெட்வொர்க் கார்டை என் கையில் வைத்துவிட்டு என் கணவர் கிளம்பினார். திரும்பும் வழியில் லாரி மோதியது. போலீசார் கொடுத்த பையில் புதுக் கார்டு கீறல்கூட இல்லாமல் இருந்தது.

அடக்கமெல்லாம் முடிந்து கடையைத் திறந்த அன்று, அவர் தம்பி செல்வின் அதை மாட்டினான். கார்டின் விளக்கு எரிந்தது, இணைய இணைப்பு வரவில்லை. வெகுநேரம் திரையைப் பார்த்தவன் மெல்லச் சிரித்தான்.

"அண்ணன் போட்ட லினக்ஸ் சிஸ்டம்லா மதினி, அவனப் போலவே வீம்பு. மொத கார்டுக்குக் குடுத்த ஈத் ஜீரோங்கிற பேர அந்தப் பழைய கார்டுக்கே வச்சுக்கிட்டு, புதுசுக்கு ஈத் ஒன்னுன்னு குடுத்திருக்கு. செட்டிங் எல்லாம் ஜீரோ பேர்லதான் கெடக்கு. பழைய கார்டோட பேர எழுதி வச்சிருக்க வரிய அழிச்சிட்டா, புதுசு அந்த எடத்துக்கு வந்துரும். அழிச்சிரட்டா?"

"அழிக்காம முடியாதாய்யா?"

"முடியும். செட்டிங் எல்லாத்தயும் ஈத் ஒன்னு பேருக்கு மாத்தி எழுதணும். வெட்டி வேல."

"எழுது."

அவன் என் முகத்தைப் பார்க்காமல் எழுதினான்.

கடை ஓடுகிறது. அந்தக் கணினியில் ஈத் ஜீரோ என்பது இன்னும் பழைய கார்டின் பெயர்தான்.